பத்தொன்பது நீலக் கட்டங்கள்

மங்கை டீச்சரிடம் பாடம் கேட்க வந்தபோது லூர்துராஜுக்கு ஐம்பது வயது. டீச்சருக்கு முப்பத்து மூன்று.

இருபத்தாறு வருஷம் ஒரு வால்வு கம்பெனியில் வரைபடம் போட்டவர் லூர்துராஜ். ஒரு நாள் கம்பெனியை மூடிவிட்டார்கள். எட்டு மாதம் வீட்டில் இருந்தார். பிறகு திருச்சியில் டீச்சர் நடத்திய சின்ன மென்பொருள் நிறுவனத்துக்கு வந்து, "எனக்குக் கோடு போட மட்டும்தாங்க தெரியும்" என்றார்.

"அது போதும் சார்," என்றார் டீச்சர்.

டீச்சர் முன்பு பாலிடெக்னிக்கில் வகுப்பு எடுத்தவர். வேலையை விட்டும் அந்தப் பெயர் அவரை விடவில்லை. அவர் லூர்துராஜை 'சார்' என்பார். லூர்துராஜ் அவரை 'டீச்சர்' என்பார். யாரிடம் யார் படிக்கிறார் என்பதில் இருவருக்கும் குழப்பம் இருந்ததில்லை.

அந்த நிறுவனம் செய்த மென்பொருளுக்கு 'சரம்' என்று பெயர். தொழிற்சாலைகளில் இயந்திரங்களை ஓட்டுவதற்கானது. அதில் நிரலை எழுத வேண்டியதில்லை. திரையில் சின்னச் சின்னக் கட்டங்களை வைத்து, ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குக் கோடு இழுத்தால் போதும். ஒரு கட்டம் பம்பை ஓட்டும். ஒன்று வால்வைத் திறக்கும். எந்தக் கட்டம் எதைச் செய்கிறது என்று தெரிவதற்கு ஒவ்வொன்றின் மேலும் ஒரு படம் இருக்கும். அந்தப் படத்தை, கட்டத்தைச் செய்தவரே போட்டுக்கொள்ள வேண்டும்.

அவர் போடும் வரை, எல்லாக் கட்டத்தின் மேலும் ஒரே படம் தானாக வந்து உட்கார்ந்திருக்கும். டீஃபால்ட் ஐகான் என்பார்கள். சரத்தில் அது சேறு நிறத்தில் ஒரு சதுரம். மூலையில் ஒரு எண். அவ்வளவுதான். வாங்கியவர்கள் எல்லோரும் அதைக் கேலி செய்தார்கள். சாமான் நல்லாத்தான் இருக்கு, மூஞ்சி சரியில்லை என்றார்கள்.

லூர்துராஜ் மூன்று வருஷம் படித்த பிறகு, டீச்சர் அவரிடம் முதன்முதலாக ஒரு வேலையைத் தனியாகக் கொடுத்தார்.

"அந்த மூஞ்சியை நீங்க மாத்துங்க சார்."

பதினோரு நாள் அவர் வேறு எதையும் செய்யவில்லை. முப்பத்து நான்கு படம் போட்டு முப்பத்து மூன்றை அழித்தார். மிஞ்சியது ஒரு நீலக் கட்டம். முனைகள் மழுங்கலாக, நடுவில் வெள்ளையாக ஒரு சின்ன அலை, கீழே இருக்கிறதா இல்லையா என்று தெரியாத அளவுக்கு ஒரு நிழல். அலுவலகத்தில் எல்லோரும் வந்து பார்த்தார்கள். ஒருவர் அதைத் தன் போனில் போட்டுக்கொண்டார்.

டீச்சர் வெகுநேரம் பார்த்தார்.

"ஏதாவது குறை இருக்கா டீச்சர்?"

"ஒரு குறையும் இல்ல சார்."

அன்றைக்கு லூர்துராஜ் பஸ்ஸில் போகாமல் வீடு வரை நடந்தே போனார்.

புதுப் படத்தோடு சரத்தை முதலில் ஒரே ஓர் இடத்துக்கு அனுப்பினார்கள். துவாக்குடி பக்கம், கேஸ் சிலிண்டர்களைச் சோதிக்கிற ஒரு தொழிற்சாலை. அங்கே முபாரக் என்று ஒரு இன்ஜினியர். சரத்தை வைத்து, சோதனை இயந்திரம் ஒன்றுக்கு நிரல் செய்துகொண்டிருந்தார். மூன்று வாரம் கழித்து, ஓட்டிப் பார்க்கப் போகிறோம் வாருங்கள் என்று கூப்பிட்டார். டீச்சரும் லூர்துராஜும் போனார்கள்.

கம்பித் தடுப்புக்குள் ஓர் இயந்திரம். அதன் நடுவே ஒரு சிலிண்டரை நிறுத்தியிருந்தார்கள். மேலேயிருந்து இரும்புக் கிளாம்ப் ஒன்று இறங்கி அதன் வாயை அழுத்திப் பிடிக்கும். பிறகு உள்ளே தண்ணீரை ஏற்றி, சிலிண்டர் தாங்குகிறதா என்று பார்ப்பார்கள். தடுப்புக்கு ஒரு கதவு. கதவு திறந்திருந்தால் எதுவும் ஓடாது. ஆனால் அன்று வெள்ளோட்டம் என்பதால், உள்ளே போய் வருவதற்கு வசதியாக அந்தக் கதவின் சென்சாருக்கு ஒரு துண்டு வயரைக் கொடுத்து ஏமாற்றி வைத்திருந்தார்கள்.

லூர்துராஜைத் திரைக்கு முன்னால் உட்கார வைத்தார் முபாரக். "ஓடிட்டிருக்கு சார். சும்மா பாத்துக்கிட்டிருங்க. ஸ்டோருக்குப் போயிட்டு வந்துடறேன்."

திரை முழுக்கத் தன்னுடைய நீலக் கட்டம். பத்தொன்பது. லூர்துராஜுக்கு நெஞ்சு நிறைந்தது. ஓடுகிற கட்டத்தைச் சுற்றி ஒரு மஞ்சள் கோடு ஒளிரும். அந்த ஒளி ஒரு கட்டத்திலிருந்து அடுத்த கட்டத்துக்குத் தாவித் தாவிப் போய்க்கொண்டிருந்தது.

ஆண்டியப்பன் என்கிற ஃபிட்டர் தடுப்புக்கு வெளியே நின்று சிலிண்டரையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த இயந்திரத்தின் குழாய்களை எல்லாம் மாட்டியவர் அவர்தான்.

"ரப்பர் வளையம் கோணலா உக்காந்திருக்கு," என்றார் யாரிடமும் இல்லாமல். கதவைத் திறந்துகொண்டு உள்ளே போனார்.

லூர்துராஜ் அவரைப் பார்த்தார். திரையையும் பார்த்தார். மஞ்சள் ஒளி ஒரு நீலக் கட்டத்திலிருந்து அடுத்த நீலக் கட்டத்துக்குப் போனது. அது எந்தக் கட்டம் என்று அவருக்குத் தெரியவில்லை.

கிளாம்ப் இறங்கியது.

ஆண்டியப்பன் கத்தவில்லை. 'ஹா' என்று ஒரு மூச்சு மட்டும் வெளியே வந்தது. இடது கை சிலிண்டரின் வாய்க்கும் கிளாம்புக்கும் நடுவில் இருந்தது.

டீச்சர் ஓடிப்போய்ச் சிவப்பு பட்டனை அறைந்தார். எல்லாம் நின்றது. ஒளியும் அப்படியே நின்றது. கிளாம்ப் மட்டும் விடவில்லை. அது காற்றழுத்தத்தில் இயங்குவது. மின்சாரமே போனாலும் பிடியை விடக் கூடாது என்றுதான் அதைச் செய்திருந்தார்கள். சோதனை நடுவே விட்டால் சிலிண்டர் தெறித்துவிடும். காற்றுக் குழாயைக் கழற்றலாமென்றால், அது நான்கு போல்ட் போட்ட தகட்டுக்குப் பின்னால் இருந்தது.

டீச்சர் உள்ளே போய் ஆண்டியப்பனின் தோளைத் தாங்கிக்கொண்டார்.

"சார்! கிளாம்ப்பை மேல தூக்குங்க!"

லூர்துராஜின் கை மவுஸின் மேல் இருந்தது. ஓட்டம் நின்றிருந்தாலும் கிளாம்ப்பைத் தூக்குகிற கட்டத்தை மட்டும் திரையிலிருந்து தனியாக ஓட்டலாம். ஒரு சொடுக்கு. எந்தக் கட்டம்?

இறக்குகிற கட்டமும் அங்கேதான் இருந்தது. அதை ஓட்டினால் இன்னும் அழுத்தும்.

ஒரு கட்டத்தைத் திறந்தார். உள்ளே தெர்மாமீட்டர். மூடினார். இன்னொன்று. தண்ணீர் பம்ப். இன்னொன்று. ஏதோ கணக்கு. மூடினார். எதை எதைத் திறந்து பார்த்தோம் என்பது மறந்துபோயிற்று. எல்லாம் ஒரே நீலம். எல்லாவற்றிலும் அந்த வெள்ளை அலை. பம்பையே மறுபடி திறந்துவிட்டார்.

"சார்!"

"பாக்கறேன் டீச்சர், பாக்கறேன்..."

வெளியே யாரோ ஸ்பானரைத் தேடிக் கத்தினார்கள். யாரோ முபாரக்கின் பெயரைச் சொல்லி ஓடினார்கள். லூர்துராஜின் கண்ணில் வேர்வை வழிந்தது. துடைக்கக் கையை எடுக்கப் பயந்தார்.

கடைசியில் இரண்டு கட்டங்கள் அகப்பட்டன. இரண்டிலும் கிளாம்ப் என்று இருந்தது. ஒன்று வால்வு மூன்றைத் திறந்தது. இன்னொன்று நான்கைத் திறந்தது. வேறு வித்தியாசம் ஒன்றும் இல்லை.

"மூணா நாலா?" அவர் கத்தினார். "மேல தூக்கறது மூணா நாலா?"

டீச்சருக்குத் தெரியவில்லை.

"நாலு," என்றார் ஆண்டியப்பன். பல்லைக் கடித்துக்கொண்டு, கண்ணை மூடிக்கொண்டு சொன்னார். "நாலு மேல. மூணு கீழ. நான்தானே மாட்டுனேன்... நாலு."

லூர்துராஜ் இரண்டாவது கட்டத்தின் மேல் அம்புக்குறியைக் கொண்டுபோனார். மறுபடி திறந்து நான்குதானா என்று பார்த்தார். சொடுக்கினார்.

உஸ்ஸென்று காற்று வெளியேறியது. கிளாம்ப் மேலே போனது.

மருத்துவமனையில் மூன்று விரலைக் காப்பாற்றிவிட்டார்கள். சுண்டுவிரலில் பாதி போய்விட்டது.

வராந்தாவில் லூர்துராஜ் முபாரக்கின் சட்டையைப் பிடிக்காத குறை.

"ஏன்யா, படத்தை மாத்தவே இல்லையே நீ? ஒண்ணுக்காவது ஒரு பேர் எழுதியிருக்கலாமில்ல? பத்தொன்பது கட்டம்! ஒண்ணுக்குக்கூடவா தோணல?"

முபாரக் சுவரில் சாய்ந்து நின்றார். அழுது முகமெல்லாம் வீங்கியிருந்தது.

"பழசுல உடனே மாத்திருவேன் சார். பாக்கவே சகிக்காது. எதையாவது கிறுக்கியாவது அதை மறைச்சிருவேன்."

"இதுல?"

"இது அழகா இருந்துச்சு சார். ஏற்கெனவே படம் போட்டாச்சுன்னே தோணுச்சு. தொட மனசு வரல." கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "கதவுக்கு வயர் குடுத்ததும் நான்தான். அதையும் சொல்லிடறேன்."

லூர்துராஜ் வராந்தா பெஞ்சில் போய் உட்கார்ந்தார்.

திரும்பும்போது காரை டீச்சர் ஓட்டினார். தஞ்சாவூர் ரோட்டில் லாரிகள் வரிசையாக நின்றிருந்தன. வெகுதூரம் வந்த பிறகு லூர்துராஜ் வாய் திறந்தார்.

"உங்களுக்கு முன்னாடியே தெரியுமா டீச்சர்?"

"எது?"

"இப்படி ஆகும்னு. தெரிஞ்சே, நானா கத்துக்கட்டும்னு விட்டீங்களா?"

டீச்சர் காரை ஓரமாக நிறுத்திவிட்டார்.

"ஒருத்தர் விரல்ல வச்சா சார் நான் உங்களுக்குப் பாடம் நடத்துவேன்?"

"குறையே இல்லன்னு சொன்னீங்களே."

"சொன்னேன். எனக்கும் பிடிச்சிருந்துச்சு. நானும்தான் தொடல."

பின்னாலிருந்து ஒரு லாரி ஹாரன் அடித்தது. அவர் வண்டியை எடுத்தார்.

மறுநாள் லூர்துராஜ் நேராக டீச்சரிடம் போனார். இரவு முழுவதும் தூங்கவில்லை என்பது கண்ணிலேயே தெரிந்தது.

"பழைய படத்தையே வச்சிருவோம் டீச்சர். சகிக்காததுதான் நல்லது."

"பழைய படத்தை யார் போட்டது சார்?"

"நீங்கதான்."

"நான் போடல. பிறகு பாத்துக்கலாம்னு விட்டேன். எட்டு வருஷமா விட்டேன். அது சகிக்காம இருந்ததுக்கு நான் ஒண்ணும் பாடுபடல."

"அப்ப நான் என்ன செய்யணும்?"

டீச்சர் எழுந்து வேறு அறைக்குப் போய்விட்டார்.

லூர்துராஜுக்குக் கோபம் வந்தது. அந்தக் கோபத்திலேயே ஒன்று வரைந்தார். ரத்தச் சிவப்பில் ஒரு கட்டம். நடுவில் குறுக்கும் நெடுக்குமாக இரண்டு கறுப்புப் பட்டை. பார்த்தாலே நெஞ்சு திக்கென்று இருக்கும். அதை எடுத்துக்கொண்டு டீச்சரின் மேஜைக்குப் போனார். டீச்சர் மடிக்கணினியை மூடிவிட்டார்.

"என்கிட்ட காட்டாதீங்க சார்."

"பாருங்களேன். ஒரு நிமிஷம்."

"முபாரக்கிட்ட கொண்டுபோங்க. அவர் வேலை செய்யட்டும். நீங்க பின்னாடி ஒரு நாற்காலி போட்டு உக்காருங்க. வாயே திறக்கக் கூடாது."

"எத்தனை நாள்?"

"அது உங்களைப் பொறுத்தது."

அந்தத் தொழிற்சாலைக்கு மறுபடி போக லூர்துராஜுக்கு மனசே வரவில்லை. போனார். இப்போது கதவு சென்சாரில் வயர் இல்லை. முபாரக் அந்த நிரல் முழுவதையும் தூக்கிப் போட்டுவிட்டு, முதலிலிருந்து மறுபடி செய்யத் தொடங்கியிருந்தார். மேல்மாடி அறையில் லூர்துராஜ் அவர் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்தார்.

முதல் கட்டம் சிவப்பாக வந்ததும் முபாரக் திடுக்கிட்டார். உடனே அதற்கு ஒரு படம் போட்டார். இரண்டாவதுக்கும் போட்டார். மூன்றாவது கட்டம் வந்தபோது போன் அடித்தது. பேசிவிட்டு வந்து நான்காவதை வைத்தார். ஐந்தாவதை வைத்தார். பிற்பகலில் திரையில் பதினோரு சிவப்புக் கட்டங்கள் இருந்தன. முபாரக் அவற்றுக்கு நடுவே நிம்மதியாகக் கோடு இழுத்துக்கொண்டிருந்தார்.

லூர்துராஜ் பல்லைக் கடித்துக்கொண்டு வாயை மூடிக்கொண்டிருந்தார்.

ஒரு மாதம் அப்படிப் போயிற்று. துடிக்கிற படம் ஒன்று கொண்டுபோனார். முபாரக்குக்குத் தலைவலி வந்தது, துடிப்பை நிறுத்துகிற வழியை அமைப்பில் தேடிக் கண்டுபிடித்துக்கொண்டார். 'பெயர் எழுதவும்' என்று எழுதிய படம் ஒன்று கொண்டுபோனார். பெயர் எழுதவும், பெயர் எழுதவும், பெயர் எழுதவும் என்று திரை முழுக்க நின்றது.

ஆறாவது வாரம் ஆண்டியப்பன் வேலைக்குத் திரும்பினார். கையில் இன்னும் கட்டு இருந்தது. மேல்மாடிக்கு வந்து, லூர்துராஜ் உட்கார்ந்திருந்த நாற்காலியின் பக்கத்தில் நின்றார். லூர்துராஜ் எழுந்துவிட்டார்.

"உக்காருங்க சார். சும்மா பாக்க வந்தேன்."

திரையை வெகுநேரம் பார்த்தார். பிறகு கட்டுப் போட்ட கையாலேயே சுட்டிக்காட்டினார்.

"இதுல எந்த டப்பா சார் என் கையப் பிடிச்சது?"

முபாரக் தலையைக் குனிந்துகொண்டார். லூர்துராஜ் திரையில் தேடினார். பத்து இருபது கட்டங்கள். அவற்றின் மேலிருந்த படத்தை வரைந்தவர் அவர்தான்.

"தெரியலண்ணே," என்றார்.

ஆண்டியப்பன் தலையாட்டினார். கோபம் எதுவும் காட்டவில்லை. படியிறங்கிப் போய்விட்டார்.

அன்றிலிருந்து லூர்துராஜ் படத்தைப் பார்ப்பதை விட்டுவிட்டார். முபாரக்கின் கையைப் பார்த்தார். ஒரு புதுக் கட்டத்தை வைத்த மறுகணம் அந்தக் கை மவுஸிலிருந்து எங்கே போகிறது, எப்போது தயங்குகிறது, எப்போது டீயை எடுக்கப் போகிறது. அதை எத்தனை செகண்ட் என்பதோடு தாளில் குறித்துக்கொண்டார். நாள் முழுக்கக் குறித்தார். படம் போட வேண்டுமானால் முபாரக் ஐந்து இடத்தில் சொடுக்க வேண்டியிருந்தது. மூன்றாவது சொடுக்கில் அந்தக் கை எப்போதும் சலித்துத் திரும்பி வந்துவிடும்.

அந்த வாரம் அவர் டீச்சரிடம் படம் எதையும் பற்றிப் பேசவில்லை. சரத்தின் உள்ளே ஓரிடத்தைத் திறந்து மாற்றுவது எப்படி என்று மட்டும் கேட்டார். டீச்சர் காட்டிக் கொடுத்தார். எதற்கு என்று கேட்கவில்லை.

ஒரு புதன்கிழமை அதைத் துவாக்குடிக்குக் கொண்டுபோய்ப் போட்டுக் கொடுத்தார்.

முபாரக் ஒரு புதுக் கட்டத்தை வைத்தார். அதில் படம் இல்லை. நிறம் இல்லை. மெல்லிய கோட்டில் ஒரு வெற்றுச் சதுரம். அதற்குள், எழுதும்போது மின்னுமே, அந்தச் சின்னக் கோடு மட்டும் மின்னிக்கொண்டிருந்தது.

முபாரக்கின் விரல்கள் தானாகவே விசைப்பலகைக்குப் போயின. 'கிளாம்ப் மேலே' என்று அடித்தார். எழுத்து சதுரத்தை நிறைத்தது. ஒரு பக்கம் ஓர் அம்புக்குறியையும் போட்டார். அடுத்த கட்டத்தை வைத்தார். 'கிளாம்ப் கீழே.' போன் அடித்தது. 'பம்ப்' என்று அடித்து முடித்துவிட்டுத்தான் போனை எடுத்தார்.

சாயங்காலம் திரையில் இருபத்திரண்டு கட்டங்கள் இருந்தன. ஒவ்வொன்றும் ஒவ்வொரு மாதிரி. சில கோணல்மாணல். ஒன்றில் எழுத்துப் பிழை. லூர்துராஜ் தன்னுடைய சதுரத்தைத் தேடினார். ஒன்றுகூட இல்லை.

"படத்தை மாத்தலியா சார் இந்த வாரம்?" என்று முபாரக் திரும்பிப் பார்த்துக் கேட்டார். "பழைய படம் எங்க, காணோமே?"

லூர்துராஜ் தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார்.

அலுவலகத்துக்கு வந்தபோது டீச்சர் கிளம்பிக்கொண்டிருந்தார். லூர்துராஜ் அவரை வாசலிலேயே நிறுத்திவிட்டார். அவருக்கு மூச்சு வாங்கியது. சிரிக்கிறாரா அழப்போகிறாரா என்று சொல்ல முடியாத முகம்.

"முடிஞ்சுது டீச்சர்."

"காட்டுங்க."

"காட்ட ஒண்ணும் இல்ல. அவர் ஒண்ணைக்கூட விட்டுவைக்கல. வச்ச உடனே மேலயே எழுதிட்டார். அப்படி ஒண்ணு இருந்ததே அவருக்குத் தெரியல. ரெண்டு மாசம் டீச்சர். ரெண்டு மாசம் ராப்பகலா இதுக்குத்தான் உழைச்சேன். இனி இதை ஒருத்தரும் பாக்கப்போறதில்ல."

டீச்சர் கைப்பையைக் கீழே வைத்தார்.

"அழியறதுக்கு முன்னாடி எவ்வளவு நேரம் இருந்துச்சு?"

லூர்துராஜ் தாளை எடுத்து, பிரித்துப் பார்த்தார்.

"ஏழு செகண்ட்."

டீச்சர் அந்தத் தாளை வாங்கி, வாசல் வெளிச்சத்தில் பிடித்து ஒவ்வொரு வரியாகப் படித்தார். பிறகு திருப்பிக் கொடுத்தார்.

"இன்னும் குறைக்க முடியுமா பாருங்க சார்."